புள்ளி வைத்த பக்கம்

எனக்கு மாம்பழம் வாங்கத் தெரியாது. சித்தூரில் பிறந்து வளர்ந்தவன் இதைச் சொல்வது வெட்கக்கேடு. சீசன் வந்துவிட்டால் எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாங்காய் லாரிதான். ஆனாலும் நான் பார்த்துப் பார்த்து வாங்கி வருவதில் ஒரு பழத்திலாவது வண்டு இருக்கும். தோலில் ஒரு கீறல் இருக்காது. கன்னத்தை வெட்டினால் பழம் பிரமாதமாக இருக்கும். கொட்டையை உடைத்தால்தான் உள்ளே கறுப்பாக ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். வெளியில் துளையே இல்லாமல் அது எப்படி உள்ளே போயிற்று என்று என் மனைவி ஒவ்வொரு வருஷமும் கேட்பாள், நான்தான் உள்ளே விட்டு மூடினேன் என்பது போல.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் விசாரணைக் குழுவில் ஒருவர் மட்டும்தான் மருத்துவர் என்றார்கள். மற்றவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும். தமிழிலேயே எழுதித் தரலாம் என்று அனுமதித்ததற்கு நன்றி. தெலுங்கில் நான் நன்றாகச் சண்டை போடுவேன். நிதானமாக ஒன்றை விளக்க வேண்டுமென்றால் எனக்குத் தமிழ்தான் கைகொடுக்கும்.

என் பெயர் உமாபதி. திருப்பதியில் இந்த ஆஸ்பத்திரியின் நோயியல் பிரிவில் முப்பரிமாண எக்ஸ்ரே கருவிக்குப் பொறுப்பாளன். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். கேன்டீன்காரரிலிருந்து டீன் வரைக்கும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் எந்த நோயாளியின் ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட எனக்கு உரிமை கிடையாது. மருத்துவம் படித்தவர்தான் போட வேண்டும். சட்டம் அப்படி. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

அறுவைசிகிச்சையில் எடுத்த சதைத் துண்டை எங்கள் பிரிவில் என்ன செய்வார்கள் என்று சொல்கிறேன். அதை மருந்தில் ஊறவைத்து, சின்ன அச்சில் வைத்து, மேலே உருகிய மெழுகை ஊற்றி இறுகவிடுவார்கள். அந்த மெழுகுக் கட்டியைத்தான் பிளாக் என்கிறோம். பிறகு கத்தி பொருத்திய இயந்திரத்தில் அதை வைத்து, முடியைவிட மெல்லிய சீவல்கள் சிலவற்றை மேலாக எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதுதான் ஸ்லைடு. பிளாக்கின் பெரும்பகுதி வெட்டப்படாமலே அலமாரிக்குப் போய்விடும். மாம்பழத்தின் கன்னத்தில் ஒரு சீவல் எடுத்துப் பார்த்துவிட்டு, பழம் முழுக்க நல்ல பழம் என்று கையெழுத்துப் போடுகிற வேலை இது. நூறு வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் செய்கிறார்கள், யாருக்கும் கூச்சமே இல்லை.

என் கருவி எதையும் வெட்டாது. சதைத் துண்டை மெல்லச் சுற்றவிட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் எக்ஸ்ரே எடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து முழு உருவத்தைக் கட்டித் தரும். திரையில் அதை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், உள்ளே புகுந்து மறுபக்கம் வரலாம். ஒரு சங்கடம் உண்டு. எலும்பு எக்ஸ்ரேயில் நிழல் போடும், மெல்லிய சதை போடாது. அதனால் முதலில் அயோடின் கரைசலில் ஊறவைக்க வேண்டும். எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு நேரம், பிறகு சதைக்குச் சேதமில்லாமல் அயோடினை எப்படி வெளியேற்றுவது என்று கண்டுபிடிக்க எனக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. அந்த வருஷங்களில் என் மகள் எந்த வகுப்பில் படித்தாள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

சடகோபன் சார் எங்கள் பிரிவின் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுவார், யார் வீட்டுக் கல்யாணமானாலும் போவார். ஆனால் என் படங்களை அவர் சினிமா என்றுதான் சொல்வார். காலையில் எதிர்ப்பட்டால், “என்ன உமாபதி, இன்னைக்கு என்ன ரிலீஸ்?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு வழியாக தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன் நான். அந்தச் சிரிப்பு ஊர் போய்ச் சேரும்வரை காதிலேயே இருக்கும்.

இனி புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இது முக்கியம். படத்தில் சந்தேகமான இடம் ஏதாவது தெரிந்தால், கருவியிலிருந்து எடுத்ததும் சதையின் அந்தப் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி வைப்பேன். சரியான இடத்தில் விழுந்ததா என்று இன்னொரு படம் எடுத்துச் சரிபார்ப்பேன். சாதாரண மை எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் உலோகத்தூள் கலந்து நானே தயாரித்த மை. எங்கள் டெக்னீஷியன் ஸ்வர்ணலதாவுக்கு அது போதும். அச்சில் அடியில் இருக்கும் பக்கம்தான் பிறகு கத்தியின் முன் வரும். ஆகவே புள்ளி கீழே இருக்கும்படி வைத்து மெழுகு ஊற்றுவாள். முதல் சீவல்களில் நீலம் தட்டுப்பட்டால் நான் எதையோ பார்த்திருக்கிறேன் என்று அர்த்தம். நீலம் வரவில்லை என்றால் படத்தில் ஒன்றும் இல்லை. நானே வகுத்த முறை, எளிமையானது, ஒரு நாளும் பிசகியதில்லை.

இந்த முறைதான் என் கழுத்தைப் பிடித்தது. நான் புள்ளி வைத்த இடத்தில் கத்தி போகும், அங்கே நோய் இருக்கும், ஸ்லைடில் தெரியும். ரிப்போர்ட்டில் ‘சீவலில் நோய் காணப்பட்டது’ என்று எழுதி சடகோபன் சார் கையெழுத்துப் போடுவார். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டியது எது என்று ஒரு வார்த்தை இருக்காது. கேட்டால், “அதான் ஸ்லைடுலயே தெரியுதே, உமாபதி” என்பார். ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பினார்கள். படம் காட்டிய இடங்களிலெல்லாம் ஸ்லைடும் நோயைக் காட்டியிருக்கிறது, ஸ்லைடு தவறவிட்டதைப் படம் கண்டுபிடித்தது என்று காட்ட ஒரு நோயாளிகூட இல்லையே என்று கேட்டிருந்தார்கள். எப்படி இருக்கும்? நான்தான் ஒவ்வொரு முறையும் ஸ்லைடுக்கு விடையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேனே. பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டிக்காட்டி அவனை முதல் மார்க் வாங்கவைத்தவன் நிலைமைதான் எனக்கு.

அந்தச் சமயத்தில் நிர்வாகத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. கருவியால் ரிப்போர்ட்டுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை போலிருக்கிறது, ஒரு இன்ஜினியரிங் காலேஜ்காரர்கள் சிமெண்ட் துண்டுகளைச் சோதிக்கக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா என்று. சிமெண்ட். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்சவேணி அம்மாவை நான் முதலில் பார்த்தது அதற்கு அடுத்த வாரம். விஜயபுரத்துப் பக்கம் ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். நாற்பதைத் தாண்டியவர், மார்பில் கட்டி. கணவர் திருவேங்கடம் கையில் பையோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். கவுண்டரில் தெலுங்கில் சொன்னது அவர்களுக்குப் புரியாமல் இல்லை, அந்தப் பக்கத்து ஜனங்கள் இரண்டு பாஷையும் கலந்தே பேசுவார்கள். பயம் வந்தால் மட்டும் தமிழில் ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வழியாகப் போன என்னை நிறுத்திக் கேட்டார்கள். நான் நின்று சொன்னேன்.

என் கருவியை வைத்து நடத்திய ஆய்வுக்கு அவரிடம் சம்மதம் வாங்கியதும் நான்தான். வேறு யாரும் இவ்வளவு பொறுமையாக விளக்கியிருக்கமாட்டார்கள். மாம்பழக் கதையைத்தான் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

“அப்ப நானு வண்டு பூந்த மாங்காவா சார்? சரி, நல்லா பாருங்க. எங்க பூந்துகினு கீதோ, உட்றாதீங்க.”

உடனே பையிலிருந்து வேகவைத்த வேர்க்கடலையை ஒரு கை அள்ளி நீட்டினார். துன்னுங்க சார், எங்க கொல்லைல வெளைஞ்சது என்றார். நல்ல கடலை, அளவான உப்பு.

மார்பில் உள்ள நோய் வெளியே கிளம்பினால் முதலில் போய்த் தங்கும் இடம் அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணு. கட்டியை எடுக்கும்போதே அந்த முதல் கணுவையும் எடுத்து எங்களிடம் அனுப்புவார்கள். கணு சுத்தமாக இருந்தால் நோயாளி மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். கணுவில் நோய் இருந்தால் கீமோ, கதிர்வீச்சு என்று பல மாதம் வாட்டியெடுத்துவிடும், ஆனால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஆகவே அந்தச் சின்னக் கணுவின் மேல்தான் எல்லாமே நிற்கிறது. இது எனக்குத் தெரியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

அறுவைசிகிச்சை நடந்தது கங்கம்மா கோயில் திருவிழாவான ஜாத்திரை வாரத்தில். ஊரே வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் இருந்தது. ஸ்வர்ணலதா லீவு. அம்சவேணி அம்மாவின் கணு ஒரு மொச்சைக்கொட்டை அளவு. அவ்வளவு சின்னதை எங்கள் ஆய்வில் நறுக்குவதில்லை, முழுசாகப் படம் எடுத்து முழுசாகவே மெழுகில் வைப்போம். அயோடினில் ஊறவைத்து, கருவியில் ஏற்றி, படம் திரையில் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கணுவின் ஒரு ஓரத்தில், தோலை ஒட்டி, அரிசிக் குருணை அளவுக்கு ஓர் இடம் மட்டும் வேறு நிறமாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன், உள்ளே போய்ப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அவ்வளவு தெளிவான படம் அதற்குமுன் எனக்குக் கிடைத்ததில்லை. சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

டெக்னீஷியன் இல்லாததால் மெழுகில் வைக்கும் வேலையையும் அன்று நானே செய்தேன்.

ஜாத்திரை முடிந்து ஸ்வர்ணலதா வந்து சீவல் எடுத்தாள். சடகோபன் சார் ஸ்லைடைப் பார்த்தார். சுத்தம். அதன் பிறகு அவர் செய்த காரியம் எனக்கு ஆச்சரியம். என் அறைக் கதவைத் தட்டித் தலையை மட்டும் நீட்டி, “உமாபதி, அந்த விஜயபுரத்து அம்மா கணுவுல உங்க படம் ஏதாவது சொல்லுதா?” என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கட்டுரை திரும்பி வந்தது அவருக்குத் தெரிந்திருந்தது, பரிதாபப்பட்டுக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பரிதாபம் எனக்குத் தேவைப்படவில்லை.

“ஒண்ணும் இல்லை சார்” என்றேன்.

நான் சொல்லவில்லை. இதை நீங்கள் முதல் குற்றமாக எழுதிக்கொள்ளலாம், மறுக்கமாட்டேன். ஆனால் காரணத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்லைடு தவறவிட்டு, படம் பிடித்த ஒரே ஒரு நோயாளி எனக்குத் தேவை. படம் சொன்னது சரி என்று சடகோபன் சார் சொல்லக் கூடாது, ஏனென்றால் அவர் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார், வெட்டியதும் பெருமை ஸ்லைடுக்குப் போய்விடும். நோயே சொல்ல வேண்டும். அதற்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நோய் திரும்பி வரவில்லை என்றால் அந்த அம்மாவுக்கு நல்லது, வந்தால் அவருக்குப் பின்னால் வரும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு நல்லது. எப்படிப் பார்த்தாலும் யாரோ ஒருவருக்கு நல்லதாகவே முடிகிற ஏற்பாடு. பிறகு பழைய படங்களைப் புரட்டும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

கணு சுத்தம் என்று கேட்டதும் திருவேங்கடம் வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள் இருவரும் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டுதலை முடித்துவிட்டு, எனக்காக லட்டுப் பிரசாதத்தோடு திரும்பி வந்தார்கள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் மனசு கஷ்டப்படும்.

அதற்குப் பிறகு அவர் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு முறையும் நான் வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். எடை எப்படி, பசி எப்படி, இருமல் உண்டா என்று விசாரிப்பேன். இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை என்று அந்த அம்மா நர்சுகளிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

ஒரு நாள் திருவேங்கடம் போன் செய்தார். “சார், இவுளுக்கு முதுவு ரொம்ப நோவுதுன்றா. படுத்தா எய்ந்திருக்க முடியல. இட்டுகினு வரட்டா?”

வேர்க்கடலை பிடுங்குகிற நேரம்தானே, குனிந்து குனிந்து வேலை செய்தால் யாருக்கும் முதுகு பிடிக்கும், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இதற்கும் காரணம் உண்டு. ஆய்வு என்றால் எல்லா நோயாளிக்கும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் முன்கூட்டி வரவழைத்தால் முடிவு கோணலாகிவிடும், யாராவது அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். திருவேங்கடம் சரி சார் என்று போனை வைத்துவிட்டார். நீங்க சொன்னா சரிதான் என்றும் சொன்னார்.

அடுத்த முறை அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதுகெலும்பிலும் ஈரலிலும் பரவியிருந்தது.

இங்கே நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அதாவது ஒன்றுமே நடக்கவில்லை. சுத்தம் என்று ரிப்போர்ட் கொடுத்த நோயாளிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று யாராவது பதறுவார்கள், அலமாரியிலிருந்து பிளாக்கை எடுக்கச் சொல்வார்கள், படம் இருக்கிறதா என்று என்னைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். சடகோபன் சார் கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, சில பேருக்கு இப்படித்தான், கணு சுத்தமாக இருந்தாலும் ரத்தத்தின் வழியாகப் போய்விடும் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவ்வளவுதான். ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது. ஒரு பெண் சாகக் கிடக்கிறார், ஸ்லைடைப் பற்றி ஒருவருக்கும் ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை. இவர்களை எப்படித்தான் உலுக்குவது? இத்தனை நாள் நான் பொறுத்திருந்தது இவர்கள் தயிர்சாதத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டுப் போவதற்கா?

ஆகவே நானே எடுத்துச் சொல்வது என்று முடிவு செய்தேன். அலமாரியிலிருந்து அம்சவேணி அம்மாவின் பிளாக்கை எடுத்து, மெழுகோடு அப்படியே கருவியில் வைத்து மறுபடி படம் எடுத்தேன். நோய் இன்னும் அங்கேயே, கத்தி படாமல் இருக்கிறது என்று காட்ட வேண்டும் அல்லவா. சதையில் மிச்சமிருந்த அயோடினே படத்துக்குப் போதுமாக இருந்தது. குருணை அதே ஓரத்தில், அதே அளவில் இருந்தது. எங்கள் பிரிவின் சனிக்கிழமைக் கூட்டத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். பழைய படங்களைத் திரும்பப் பார்க்கும்போது கண்ணில் பட்டது என்று ஆரம்பித்து, படத்தைச் சுற்றவிட்டு, உள்ளே கொண்டுபோய், இதோ என்றேன்.

சடகோபன் சார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். இன்னொரு தடவை சுத்துங்க என்றார், சுற்றினேன். மெதுவா என்றார், மெதுவாகச் சுற்றினேன். என் படத்தை அவர் முழுசாகப் பார்த்தது அன்றுதான்.

“வெள்ளையா மின்னுதே, அது என்ன?” என்று கேட்டார்.

மை சார், என் புள்ளி என்றேன்.

இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது. பல வருஷமாக ஒவ்வொரு படத்திலும் பார்த்துப் பார்த்து, அந்தப் புள்ளி என் கண்ணுக்குத் தெரிவதே நின்றுவிட்டிருந்தது, மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடி தெரியாமல் போவது போல. அவருக்கு எல்லாமே புதிது. அதனால் தெரிந்தது.

அவர் திரையில் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். “மெழுகுல வைக்கறதுக்கு முன்னாடிதானே நீங்க புள்ளி வைப்பீங்க? அப்போ அன்னைக்கே பார்த்திருக்கீங்க. ஸ்வர்ணலதா லீவு, மெழுகுல வெச்சதும் நீங்கதான். பார்த்துட்டு, புள்ளி வெச்ச பக்கத்தை எதுக்கு உமாபதி உள்பக்கமா திருப்பினீங்க?”

உங்கள் கடிதத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்கிறேன்.

கருவியிலிருந்து கணுவை எடுத்ததும் கை பழக்கத்தில் புள்ளியை வைத்துவிட்டது. அச்சிலும் முதலில் சரியாகத்தான் வைத்தேன், புள்ளி கீழே. அப்படியே மெழுகை ஊற்றியிருந்தால் முதல் சீவலிலேயே ஸ்லைடில் தெரிந்திருக்கும், அம்சவேணி அம்மாவுக்கு மறுவாரமே கீமோ ஆரம்பித்திருப்பார்கள், ரிப்போர்ட்டில் ‘சீவலில் காணப்பட்டது’ என்று வந்திருக்கும், என் கருவி சிமெண்டுக்குப் போயிருக்கும். வெளியே தெருவில் உடுக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இடுக்கியால் கணுவை எடுத்துத் திருப்பி வைத்தேன், புள்ளி மேலே. பிறகு மெழுகை ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பக்கமாக வைத்திருக்கலாமே, தெய்வத்தின் மேல் பாரத்தைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அந்த நிமிஷம் அதை யோசித்தேன். ஆனால் தற்செயலுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் ஆய்வில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

அதாவது ஸ்லைடு தவறவிடவில்லை. நான் தவறவிட வைத்தேன். இதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்சவேணி அம்மா போன மாதம் இறந்துபோனார். காரியத்துக்கு நான் போயிருந்தேன். விசாரணை நடப்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. திருவேங்கடம் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எதிரே தரையில் குந்திக்கொண்டு கேட்டார். “மொதல்லயே தெரிஞ்சிருந்தா இன்னா சார் பண்ணியிருப்பாங்கோ?”

மருந்து ஏற்றியிருப்பார்கள், அநேகமாகப் பிழைத்திருப்பார் என்றேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “உடுங்க சார். யாருக்கும் தெரியாம பூட்ச்சி. உங்களாண்ட வந்ததுக்கு நீங்க நல்லாத்தான் பாத்துக்கினீங்க” என்றார். புறப்படும்போது ஒரு பை வேர்க்கடலையைக் கையில் திணித்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு என்ன தண்டனை கொடுப்பீர்களோ, கொடுங்கள். வேலை போகும், ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொல்கிறார். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருக்கிறேன். கடைசியாக ஒரே ஒரு கோரிக்கை. சாட்சியத்துக்காக அந்தப் பிளாக்கை மறுபக்கமிருந்து வெட்டி ஸ்லைடு போட்டுப் பார்க்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வெட்டச் சொல்லாதீர்கள், என் படமே போதும், அதைவிடத் தெளிவாக எந்த ஸ்லைடும் காட்டாது. வெட்டினால் நோய் நிச்சயம் கிடைக்கும். கிடைத்ததும் ‘சீவலில் காணப்பட்டது’ என்று எழுதி சடகோபன் சார் கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்புறம் அம்சவேணி அம்மா பட்ட பாடெல்லாம் வீணாகப் போய்விடும்.